வேகத்துக்கு ஒரு வேலி

வேகத்தின் மேல் ஆசை நம் நாட்டுக்கு மேனாட்டார் கப்பலில் ஏற்றி அனுப்பிய சரக்கு என்று யாரேனும் எண்ணினால், அவர் திண்டுக்கல் சீமைப் பக்கம் ஒரு முறை வந்து போவது நல்லது. மேற்கே கொங்கு நாட்டில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரத்தை அளந்து, கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ரேக்ளாப் பந்தயம் நடத்துகிறார்கள். தெற்கே பாண்டி நாட்டில் போக வர இத்தனை மைல் என்று பேசி, மாட்டு வண்டிகளை நெடுஞ்சாலையில் விரட்டுகிறார்கள். இரண்டு நாட்டுக்கும் நடுவே கிடக்கிற திண்டுக்கல் சமவெளியில் இரண்டு பழக்கத்தையும் அறிந்தவர்கள் உண்டு. பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று மாடுகளை வயதுக்கும் வலுவுக்கும் தக்கபடி வகுத்து, ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனிப் பந்தயம் வைக்கும் முறையைப் பார்த்தால், மோட்டார்ப் பந்தயக்காரர்கள் என்ஜினின் கொள்ளளவைக் கொண்டு வண்டிகளை வகுப்புப் பிரிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் தோன்றவில்லை.

இந்தப் பந்தயத்தில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பந்தயம் நடக்கிற அந்த ஒரு காலை வேளையில் சாலை அடைக்கப்படுகிறது. போலீஸார் நிற்கிறார்கள். ஊரார் இரு பக்கமும் ஒதுங்கி நிற்கிறார்கள். பந்தயம் முடிந்ததும் சாலை மறுபடியும் பொதுஜனங்களுடையதாகிவிடுகிறது. வேகத்துக்கு ஒரு நேரமும் ஒரு வேலியும் உண்டு என்பதை நம் கிராமத்தார் யாரும் சொல்லிக் கொடுக்காமலே அறிந்திருக்கிறார்கள்.

மோட்டார் சைக்கிள் ஏறிய நம் வாலிபர்களுக்கோ அந்த வேலி இல்லை.

சாலையில் நடக்கும் பந்தயம்

2022ஆம் வருஷத்தில் இந்திய தேசத்துச் சாலைகளில் விபத்தினால் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் கணக்கு கூறுகிறது. அவர்களில் நூற்றுக்கு 71 பேர் அதிவேகத்தால் நேர்ந்த விபத்துகளில் மாண்டவர்கள். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற ராஜ்யம் நம்முடைய தமிழ்நாடே. 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். இந்தப் பெருமை நமக்கு வேண்டவே வேண்டாம்.

இவ்வளவும் பந்தயத்தால் நேர்ந்தவை அல்ல என்பது உண்மை. ஆயினும், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நான்கு வழிச் சாலையில் ஒருவரை ஒருவர் முந்திச் செல்லும் பையன்களை அறியாத ஊர் நம் நாட்டில் இல்லை. எதிரே வரும் பால்காரருக்கும், மில் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றி வரும் பஸ்ஸுக்கும், ஆட்டு மந்தைக்கும் அங்கே பந்தயம் நடப்பது தெரியாது. பொதுச் சாலையில் பந்தயம் ஓடினால் முதல் தடவைக்கு 5,000 ரூபாய் வரையில் அபராதமும், மறு தடவைக்கு 10,000 ரூபாய் வரையிலும் என்று 2019ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் விதித்திருக்கிறது, சிறைவாசமும் உண்டு. வயது வராத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கே 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் விதிக்க அதே சட்டத்தில் இடமிருக்கிறது. பிள்ளையின் பிறந்த நாளுக்கு மோட்டார் சைக்கிள் பரிசளிக்க நினைக்கும் தகப்பனார்கள் இந்தச் சங்கதியை ஒரு முறை படித்துவிட்டுக் கடைக்குப் போவது உத்தமம்.

சட்டம் 'ஓடாதே' என்று சொல்கிறது. 'எங்கே ஓடுவது?' என்று பையன் திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் இருக்கிறதா? அந்தப் பதிலைத் தேடுகிறபோதுதான் மோட்டார்ப் பந்தயத் திடல் என்ற யோசனை பிறக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து குஜிலியம்பாறை வழியாகக் கரூர் செல்லும் சாலையில், ரயில் நிலையமும் பேரூராட்சியும் உள்ள எரியோடு என்ற ஊர் இருக்கிறது. சுற்றிலும் வானம் பார்த்த பூமி. மேற்கே சிறிது தூரத்தில் கரூர்-திண்டுக்கல் தேசிய நெடுஞ்சாலை. இப்படிப்பட்ட ஊரின் பக்கத்தில் ஒரு பந்தயத் திடல் அமைப்பதானால் அது எப்படி இருக்க வேண்டும், யாருக்காக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்ப்போம். இந்த வழியில் நமக்கு முன்னே போனவர்கள் பட்ட அநுபவம் நமக்குத் துணை செய்யும்.

முதல் வேலி

மோட்டார் வண்டி பிறந்த புதிதில் பந்தயங்கள் ஊர் விட்டு ஊர் பொதுச் சாலையிலேயே நடந்தன. 1903ஆம் வருஷம் மே மாதத்தில் பாரிஸிலிருந்து மாட்ரிட் நகருக்கு ஒரு பந்தயம் புறப்பட்டது. புழுதியில் வழி தெரியாமல் வண்டிகள் மரங்களிலும் வேடிக்கை பார்த்த ஜனங்களின் மீதும் மோதின. புகழ் பெற்ற ரெனோ சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோ அதில் உயிரிழந்தார். பிரெஞ்சு சர்க்கார் பந்தயத்தைப் பாதி வழியில், போர்தோ நகரிலேயே நிறுத்திவிட்டது.

இங்கிலாந்திலோ பொதுச் சாலையில் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் இருந்தது. மோட்டார்த் தொழில் வளர வேண்டுமானால் வண்டிகளை வேகமாக ஓட்டிச் சோதிக்க இடம் வேண்டும் என்று ஹ்யூ லாக் கிங் என்ற தனவந்தர் கருதினார். ஸர்ரே பகுதியில் இருந்த தம் சொந்த நிலத்தில், சொந்தப் பணத்தைப் போட்டு, காங்கிரீட்டினால் வட்டப் பாதை ஒன்று கட்டினார். 1907ல் திறக்கப்பட்ட புரூக்லண்ட்ஸ் என்ற அந்தப் பாதைதான் மோட்டார்ப் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் பாதை. சட்டம் சாலையில் தடுத்த வேகத்துக்கு வேலி கட்டி இடம் கொடுத்ததுதான் இந்த விளையாட்டுத் திடல்களின் ஆரம்பம் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சோழவரத்து ஓடுபாதை

நம் நாட்டுக் கதை இதைவிடச் சுவையானது. இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போது சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தில் ஒரு விமானத் தளம் அமைத்தார்கள். யுத்தம் முடிந்தது. விமானங்கள் போய்விட்டன, ஓடுபாதை மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது. 1953ஆம் வருஷம் சென்னையில் மோட்டார் பந்தயக் கிளப் ஒன்று தோன்றியது. அந்தக் கிளப்பார் சோழவரத்து ஓடுபாதையில் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். யுத்தத்துக்காகப் போட்ட பாதை விளையாட்டுக்கு உதவியது நல்ல காரியந்தான்.

கோண்டல் மகாராஜாவைப் போன்ற சமஸ்தானாதிபதிகளும் பெரிய தொழிலதிபர்களும் வெளிநாட்டுப் பந்தயக் கார்களைக் கொண்டு வந்து சோழவரத்தில் ஓட்டினார்கள். சாமானிய ஜனங்கள் கூட்டங் கூட்டமாகப் போய் வெயிலில் நின்று பார்த்தார்கள். ஓட்டுகிறவர் ஒரு சாதி, பார்க்கிறவர் ஒரு சாதி என்று பிரிந்திருந்த காலம் அது.

இரவல் இடத்தில் எத்தனை நாள் விளையாடுவது? ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பார் சொந்தமாக நிலம் வாங்கிப் பந்தயப் பாதை அமைத்தார்கள். 1990ல் அது திறக்கப்பட்டது. சுற்று ஒன்றுக்கு 3.7 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். ஒரு சங்கத்தின் அங்கத்தினர்கள் பல வருஷம் பொறுமையோடு உழைத்துத் தங்களுக்கென்று ஓர் இடம் தேடிக்கொண்டார்கள் என்பதுதான் இதில் நாம் பாராட்ட வேண்டிய அம்சம்.

கோயமுத்தூர் காட்டிய வழி

ஆனால் பாதை மட்டும் இருந்தால் போதுமா? அதில் ஓட்ட வண்டி வேண்டுமே! வெளிநாட்டுக் கார் வாங்கப் பணமுள்ளவர்தான் பந்தயம் ஓடலாம் என்றால் நம் பிள்ளைகளுக்கு அதில் என்ன இடம்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் கோயமுத்தூர் லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்ரீ கரிவர்தன். தாமே பந்தய வீரர். தாமே வண்டி அமைப்பவர். நம் தேசத்தில் வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்த மாருதிக் காரின் 800 சி.சி. என்ஜினை எடுத்து, ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காருக்குள் அவர் பொருத்தினார். 'ஃபார்முலா மாருதி' என்று அதற்குப் பெயர். மெக்கானிக்குக்குத் தெரிந்த என்ஜின்; கடையில் கிடைக்கும் உதிரி பாகம்; கட்டுப்படியாகும் செலவு. மகாராஜாக்களின் விளையாட்டு மத்தியதர வகுப்பாரின் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது அப்போதுதான். 1995ல் விமான விபத்தில் அவர் காலமானது கோவைக்கும் தேசத்துக்கும் பெரு நஷ்டம். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003ல் திறக்கப்பட்ட 2.1 கிலோமீட்டர் பந்தயப் பாதை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அந்த ஃபார்முலா மாருதியில் பந்தய வாழ்க்கையைத் தொடங்கிய கோவை வாலிபர் நரேன் கார்த்திகேயன், 2005ஆம் வருஷம் ஜோர்டன் கோஷ்டியின் சார்பில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் நான்காவதாக வந்து 5 புள்ளிகளும் பெற்றார். டயர்க் கோளாறு காரணமாக 14 கார்கள் விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடிய பந்தயம் அது என்பதைச் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. ஆனாலும் அந்த ஆறில் ஒன்றில் நம்மவர் உட்கார்ந்திருந்தார்! 2010ல் சென்னையின் கருண் சந்தோக் இரண்டாவது இந்தியராக அந்தக் களத்தில் இறங்கினார். தேசம் முழுவதிலிருந்தும் அங்கே போன இருவருமே தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். இது தற்செயல் அன்று. சோழவரமும் இருங்காட்டுக்கோட்டையும் கோவைப் பட்டறைகளும் இல்லாமல் இது நடந்திராது.

பணம் இருந்தும் நிலைக்காத கதை

இதற்கு எதிர்மாறான கதையும் ஒன்று உண்டு. தில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் சுமார் 875 ஏக்கரில் 2011ல் திறக்கப்பட்ட புத்தர் சர்வதேசப் பந்தயப் பாதை, ஐந்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ளது. உலகத்துப் பந்தயக் கோஷ்டிகள் யாவும் வந்து ஓடின. 2011, 2012, 2013 மூன்று வருஷமும் ஜெர்மானியரான வெட்டல் வெற்றி பெற்றார். அதோடு சரி. இது விளையாட்டா, கேளிக்கையா, எந்த வரி கட்டுவது என்று சர்க்காருக்கும் நடத்துகிறவர்களுக்கும் வழக்கு வளர்ந்தது; ஃபார்முலா ஒன் கோஷ்டிகள் திரும்பி வரவில்லை. நிலம் கொடுத்த விவசாயிகளின் குறை வேறு தனியாக நின்றது.

சென்னைப் பட்டணத்தில் வேறொரு பரீட்சை நடந்தது. தீவுத்திடலைச் சுற்றிய நகரச் சாலைகளையே 3.5 கிலோமீட்டர் பந்தயப் பாதையாக்கி, 2024 ஆகஸ்டு 31ந் தேதியும் மறுநாளும் விளக்கொளியில் கார்ப் பந்தயம் நடத்தினார்கள். 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போயிருந்தது. விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று, நிபந்தனைகளோடு அநுமதி பெற்றது. வெளிச்சமும் ஆரவாரமும் பிரமாதந்தான். ஆனால் திங்கட்கிழமை வந்ததும் அந்தச் சாலை மறுபடியும் பஸ்ஸும் ஆட்டோவும் போகிற சாலைதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழக்கம் செய்ய வருகிற பையனுக்கு அங்கே இடமில்லை.

இவ்விரண்டிலிருந்தும் ஒரு பாடம் கிடைக்கிறது. பந்தயத் திடலுக்கு ஆண்டில் மூன்று நாள் திருவிழா ஆதாரமாகாது. மற்ற நாட்களில் அங்கே யார் வருவார்கள் என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது.

வேலிக்குள்ளும் அபாயம் உண்டு

வேலி கட்டிவிட்டால் அபாயம் போய்விடுமா? போகாது. 1955ல் பிரான்ஸ் தேசத்து லெ மான் பந்தயத்தில் ஒரு கார் சிதறி ஜனக்கூட்டத்தில் விழுந்து 80 பேருக்கு மேல் இறந்தார்கள். ஸ்விட்சர்லாந்து அதற்குப் பிறகு பாதைப் பந்தயத்தையே தடை செய்தது. இருங்காட்டுக்கோட்டையில் 2023ஆம் வருஷம் ஜனவரியில் 59 வயதுள்ள அநுபவசாலியான வீரர் ஒருவரும், ஆகஸ்டில் 13 வயதுச் சிறுவன் ஒருவனும் பந்தயத்தில் உயிரிழந்தார்கள். பதின்மூன்று வயது! இதைப் படிக்கும் தாய்மாருக்கு மேற்கொண்டு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே திட்டம் போடுகிறவர்கள் பாதையின் நீளத்தைச் சொல்வதற்கு முன்னால் பாதுகாப்பைச் சொல்ல வேண்டும். திருப்பத்தில் வழி தவறிய வண்டி வேகம் குறைந்து நிற்க எவ்வளவு வெற்றிடம் விட்டிருக்கிறார்கள்? சரளைப் பரப்பு எங்கே? டயர் அடுக்கிய தடுப்பு எங்கே? வைத்தியரும் ஆம்புலன்ஸும் இல்லாமல் ஒரு வண்டியும் வெளியே வராது என்ற விதி உண்டா? ஒவ்வொரு திருப்பத்திலும் கொடி பிடித்து நிற்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் உண்டா?

கொடி என்றதும் நேயர்களுக்கு அதன் பாஷையைச் சொல்லிவிடுகிறோம். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னே அபாயம். வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே. மஞ்சளில் சிவப்புக் கோடு இருந்தால் பாதை வழுக்குகிறது. நீலம் காட்டினால் பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழி விடு. கறுப்பு காட்டினால் உடனே உள்ளே வா. சிவப்பு, பந்தயமே நின்றது. கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடி, முடிந்தது. இந்தப் பாஷையைக் கற்று அதற்குக் கீழ்ப்படியப் பழகிய வாலிபன், பொதுச் சாலையில் சிவப்பு விளக்கைக் கண்டால் நிற்பான் என்று எதிர்பார்க்க நியாயமுண்டு. பந்தயத் திடல் வேகத்தை மட்டுமல்ல, அடக்கத்தையும் கற்பிக்கும் பள்ளிக்கூடமாக இருக்க முடியும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

எரியோட்டு மண்ணுக்கு ஏற்றது

இனி எரியோட்டுக்கு வருவோம். இந்தச் சுற்றுவட்டாரத்தின் கைகளுக்கு இயந்திரம் புதிதல்ல. திண்டுக்கல் பூட்டு 2019ல் புவிசார் குறியீடு பெற்றது. சாவி மாறினால் திறக்காத பூட்டைக் கையால் அரத்தில் ராவிச் செய்கிற கைகள் அவை. வடக்கே கரூரில் தேசத்தின் பல மூலைகளுக்கும் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டி அனுப்புகிறார்கள். அதற்கும் அப்பால் நாமக்கல் லாரிகளின் ஊர். திண்டுக்கல் ஜில்லாவில் உள்ள பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையேதான் 1920ல் ஸ்ரீ ஜி. டி. நாயுடு தம் முதல் பஸ்ஸை ஓட்டினார் என்பது இந்தச் சீமைக்குப் பெருமை. இத்தனை பேருக்கும் நடுவே ஒரு சோதனைப் பாதை இருந்தால், பஸ் கூண்டு கட்டுகிறவர் தம் வண்டியின் பிரேக்கைச் சோதிக்கலாம். லாரி டிரைவர் நீர் தெளித்த வழுக்குத் தளத்தில் சறுக்கும் வண்டியை மீட்கக் கற்கலாம். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் பழகலாம். தொழிற்பயிற்சி நிலையத்து மாணவன் என்ஜினைப் பிரித்துப் பூட்டிய கையோடு அது ஓடுவதையும் பார்க்கலாம். வருஷம் 300 நாளும் வேலையிருக்கும்.

ஆனால் இந்த மண்ணுக்கு ஒரு பழைய காயமும் இருக்கிறது. திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது; அந்நியச் செலாவணி வந்தது; கூடவே கழிவு நீர் பூமிக்குள் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தது. தொழில் வருகிறது என்று மகிழ்ந்தவர்கள், தண்ணீரைப் பற்றி முதலில் கேட்காமல் பின்னால் கேட்டார்கள். ஆகவே எரியோட்டில் வருகிற எந்தத் திட்டத்துக்கும் முதல் கேள்வி தண்ணீர்தான். பச்சைப் புல் விரிப்புக்கும் செயற்கைக் குளத்துக்கும் எந்தக் கிணற்றிலிருந்து நீர் எடுப்பார்கள்? பட்டறையின் எண்ணெயும் பழைய டயரும் எங்கே போகும்? கண்மாய்க்கு மழைநீர் வரும் வழியைப் பாதை மறிக்குமா? ஆடு மாடு மேயும் பொது நிலத்தின் மேல் கை வைப்பார்களா? பரீட்சைக் காலத்தில் என்ஜின் சத்தம் பள்ளிக்கூடத்தை எட்டுமா? இவற்றுக்கெல்லாம் ஊர்ச் சபையில், ஊரார் முன்னிலையில், எழுத்து மூலமாகப் பதில் வர வேண்டும்.

முதலிலேயே பெரிய பாதை கட்டவும் வேண்டியதில்லை. 'கார்ட்' என்னும் சிறு வண்டிகள் ஓடும் ஒரு கிலோமீட்டர்ப் பாதைக்குச் சில ஏக்கர் போதும். உலகத்தின் பெரிய பந்தய வீரர்கள் பெரும்பாலோர் சிறு வயதில் அதில்தான் பழகினார்கள். அதோடு ஒரு வழுக்குத் தளம், ஒரு பட்டறை, ஒரு வைத்திய அறை. இவை நன்றாக நடந்தால் அடுத்த படி ஏறலாம்.

வாசற்கதவு யாருக்குத் திறக்கும்?

எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. இந்தத் திடலின் வாசலில் கட்டணம் என்ன?

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் விலையுயர்ந்த கார்களில் வந்து, இரண்டு நாள் தங்கி, ஓட்டி மகிழ்ந்து போகிறவர்களுக்காக மட்டும் திடல் கட்டினால், அதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் அதை ஊருக்குச் செய்த உபகாரம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. எரியோட்டுப் பையன் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, அந்த ஆசையோடு தன் மோட்டார் சைக்கிளை நெடுஞ்சாலைக்குத்தான் திருப்புவான். ஊரின் நிலம் போயிருக்கும். சாலையில் அபாயம் மட்டும் முன்னிருந்த இடத்திலேயே இருக்கும்.

மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, உள்ளூர் வாலிபர்களுக்கென்று ஒதுக்க வேண்டும். ஹெல்மெட்டும் கவச உடையும் வாடகைக்குக் கிடைக்க வேண்டும். கட்டணம் சினிமா டிக்கெட்டுக்கு மேல் அதிகம் போகக் கூடாது. லைசென்ஸ் இல்லாதவனுக்கும் குடித்தவனுக்கும் வாசல் திறக்கக் கூடாது. சாலையில் பந்தயம் ஓடிப் பிடிபட்டவன் ஒரு வருஷம் உள்ளே வரக் கூடாது. பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமும் தகுந்த ஆசிரியைகளும் இருக்க வேண்டும். இவை திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் எழுத வேண்டிய தர்மக் காரியங்கள் அல்ல. திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுத வேண்டியவை.

ஸ்ரீ கரிவர்தன் மாருதி என்ஜினைக் கையில் எடுத்தபோது செய்தது இதைத்தான். விலையைக் குறைத்தார்; வாசலை அகலமாக்கினார்; அந்த வாசல் வழியாக ஒரு கோவைப் பையன் உலகத்துக்குப் போனான். திண்டுக்கல் சமவெளியிலும் அப்படி ஒரு பையனோ பெண்ணோ இன்று ஏதோ ஒரு பட்டறையில் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருக்கக் கூடும். அவர்களுக்குக் கதவு திறக்கிற திட்டம் வந்தால் ஊரார் மனமுவந்து வரவேற்கலாம். திறக்காத திட்டம் வந்தால், பூட்டுக்குப் பெயர் போன ஜில்லாவில் இன்னொரு பூட்டு எதற்கு என்று கேட்டுவிடலாம்.